பொதுக்கொள்கை மேற்படிப்பும் வளர்ச்சித் துறை வேலையும்: நெல்லைப் பட்டதாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் இருந்தும் தென்காசி, வள்ளியூர்ப் பக்கமிருந்தும் விசாரிக்க வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகிறார்கள்: "அண்ணாச்சி, எந்த யுனிவர்சிட்டிக்குப் போடலாம்?" அது பாதி வழி வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி. அரசுத் திட்டங்களை வகுப்பதும் அவை மக்களுக்குச் சேருகின்றனவா என்று பார்ப்பதுமான இந்தத் துறையில் வேலையில் தொடங்கிப் பின்னோக்கி வரவேண்டும். என்ன வேலை, அதற்கு என்ன அனுபவம், பணம் யார் தருவார்கள், அப்புறம்தான் படிப்பு. கீழே உள்ளதும் அந்த வரிசைதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: அரியர் இல்லாத ஒரு பட்டம், பாஸ்போர்ட், இரண்டு வருஷப் பொறுமை. பாஸ்போர்ட்டை ஏன் இவ்வளவு முன்னால் சொல்கிறேன் என்பது 6-வது பகுதியில் தெரியும்.

1. முதலில் வேலை அறிவிப்புகளைப் படியுங்கள்

ஒரு மாதம் ஒதுக்கி, நீங்கள் ஆசைப்படும் வேலைகளின் அறிவிப்புகளை இருபது, முப்பது சேகரியுங்கள். யுனிசெஃப், உலக வங்கி, ஆய்வு நிறுவனங்கள், மாநில அரசின் திட்டக் குழுக்கள் என எல்லாம் கலந்து இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 'கட்டாயத் தகுதி' என்ற பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வரும்: முதுகலைப் பட்டம், சில வருஷ அனுபவம், ஸ்டேட்டா அல்லது ஆர் போன்ற மென்பொருளில் தரவைக் கையாளும் பழக்கம். படிப்பு என்பது இந்த மூன்றில் ஒன்றுதான். அது தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் இப்போதே வேலையைத் தொடங்கலாம்.

ஐ.நா. வேலை பற்றி ஒரு தெளிவு வேண்டும். பி-2 என்கிற தொடக்கநிலைப் பணிக்கே பொதுவாக முதுகலையோடு இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். ஜே.பி.ஓ. எனப்படும் இளநிலை அலுவலர் திட்டத்துக்கு நன்கொடை நாடுகள்தான் பணம் கட்டுகின்றன. பெரும்பாலும் தங்கள் குடிமக்களுக்காக. நமக்குத் திறந்திருக்கும் கதவுகள் வேறு: இந்தியர்களுக்கு மட்டுமான தேசிய அலுவலர் பணிகள், ஐ.நா. தன்னார்வலர் திட்டம், ஆலோசகர் ஒப்பந்தங்கள். யுனிசெஃப்புக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் அதுதான் பார்க்கிறது. ஐ.நா. அலுவலகங்கள் நிறைந்த ஜெனீவாவையே பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று, 2025-க்குப் பிறகு சந்தையே மாறிவிட்டது. அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டை மூடி, மிச்சத்தை வெளியுறவுத் துறைக்குள் சேர்த்துவிட்டது. பிரிட்டன் தன் உதவித் தொகையை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அனுபவசாலிகள் பலர் வேலை இழந்து அதே அறிவிப்புகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அதனால் வெளிநாட்டு உதவிப் பணத்தை மட்டும் நம்பிய திட்டம் போடாதீர்கள். மாநில அரசோடு சேர்ந்து செய்யும் வேலை, உள்நாட்டு ஆய்வு நிறுவன வேலை, இவற்றை முதல் இலக்காக வைப்பது இப்போதைக்கு நிதானமான கணக்கு.

2. படிப்புகளின் வகையைப் பிரித்தறியுங்கள்

எல்லாவற்றையும் 'பாலிசி படிப்பு' என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பொதுக்கொள்கை முதுகலையில் பொருளியல், புள்ளியியல், திட்ட மதிப்பீடு அதிகம். வளர்ச்சியியல் முதுகலையில் சமூகவியல், அரசியல், களஆய்வு அதிகம். ஊரக மேலாண்மை கூட்டுறவு, பால் சங்கம், சுய உதவிக் குழு நிர்வாகத்துக்கானது. குஜராத்தின் ஆனந்தில் உள்ள இர்மா அதற்குப் பேர்போனது.

பெயரைப் பார்க்காமல் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் சர்வதேச வளர்ச்சிக்கான பொது நிர்வாக முதுகலை உண்டு. அதில் சேர நுண்பொருளியல், பேரினப் பொருளியல், பல மாறி நுண்கணிதம் மூன்றையும் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். தமிழ் இலக்கியமோ வரலாறோ படித்தவர் இதைக் கடைசி மாதத்தில் பார்த்துத் திகைப்பார். அவர் ஒன்று இப்போதே கணிதத்தை நிரப்ப வேண்டும், இல்லை வளர்ச்சியியல் பக்கம் போக வேண்டும். இரண்டும் சரியான முடிவுகளே.

இந்தியாவில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. டெல்லி ஆகியவற்றில் பொதுக்கொள்கை முதுகலை இருக்கிறது. அசிம் பிரேம்ஜி பல்கலையில் வளர்ச்சியியல் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். வெளியே என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் பிளவாட்னிக் பள்ளிப் படிப்பு ஒரு வருஷம், சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளிப் படிப்பு இரண்டு வருஷம். தமிழ்நாட்டு அரசோடு வேலை செய்வதுதான் இலக்கு என்றால் இந்தியப் படிப்பே போதும். வெளிநாடு போனால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் கடனைக் கட்டப்போகிறாரா என்று கேளுங்கள்.

3. விண்ணப்பத்துக்கு முன்பே அனுபவத்தைச் சேருங்கள்

நல்ல உதவித்தொகைகள் பல அனுபவம் இல்லாதவரைத் திரும்பியே பார்ப்பதில்லை. பிரிட்டனின் செவனிங் 2,800 மணி நேர வேலை கேட்கிறது. ஏறக்குறைய இரண்டு வருஷ முழுநேர வேலை. பகுதிநேரமும் தன்னார்வப் பணியும் அதில் சேரும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளர்ச்சி சார்ந்த முதுகலைகளுக்குப் பட்டத்துக்குப் பிந்தைய இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறது. கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. ஜப்பான்-உலக வங்கி உதவித்தொகைக்குக் கடந்த ஆறு வருஷத்துக்குள் மூன்று வருஷம் சம்பளத்தோடு வளர்ச்சித் துறையில் வேலை செய்திருக்க வேண்டும். ஒன்றில் தன்னார்வப் பணி செல்லும், இன்னொன்றில் செல்லாது. அதனால் விதியைப் படித்துவிட்டு வேலையைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே சேருவது? மதுரையில் தானம் அறக்கட்டளை, சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆராயும் ஜே-பால் அமைப்பின் தெற்காசியப் பிரிவு போன்றவை களப்பணிக்கும் ஆய்வுக்கும் ஆள் எடுக்கின்றன. 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் இரண்டு வருஷம் அரசுத் துறைகளோடு நேரடியாக வேலை செய்யலாம். போட்டி கடுமை, ஆனால் அதற்கு இணையான பயிற்சி குறைவு. மகளிர் திட்டத்திலோ மாவட்ட அலுவலகம் ஒன்றின் ஒப்பந்தப் பணியிலோ இருப்பவர்கள் அதைச் சின்ன வேலை என்று மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். ஒரு திட்டம் ஊராட்சி அளவில் எப்படி உடைகிறது என்பதைப் பார்த்தவர், படித்து மட்டும் தெரிந்தவரைவிடத் தேர்வுக் குழுவுக்குச் சுவாரசியமானவர்.

இங்கே பலரும் சறுக்குவது காகிதத்தில். வேலையை விட்டு வரும்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பொறுப்பு என்ன என்று நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். சிறிய தொண்டு நிறுவனங்கள் மூடிவிடும், ஆள் மாறிவிடும். மூன்று வருஷம் கழித்துக் கேட்டால் கையெழுத்துப் போட யாரும் இருக்க மாட்டார்கள். சம்பளம் வங்கி வழியாக வந்ததா என்பதையும் பாருங்கள். கையில் வாங்கிய சம்பளத்துக்குச் சாட்சி கிடையாது.

4. உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து நாலு பக்கம் எழுதுங்கள்

இந்தப் படியை யாரும் கட்டாயம் என்று சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். விண்ணப்பக் கட்டுரை, நேர்காணல், பரிந்துரைக் கடிதம் மூன்றுக்கும் சரக்கு இங்கிருந்துதான் வரும். எழுத்து மாதிரி கேட்கும் பல்கலைக்கு இதையே செப்பனிட்டு அனுப்பலாம்.

'வறுமை', 'பெண் முன்னேற்றம்' என்று தலைப்பு வைக்காதீர்கள். ஒரு திட்டம், ஒரு இடம், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள். உதாரணத்துக்குப் பீடி. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் வீட்டுத் திண்ணையில் சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களின் மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு உதவி ஆகியவற்றுக்காக 1976-ல் சட்டம் போட்டுப் பீடி மீது செஸ் என்கிற தனி வரி வசூலித்தார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனையே இருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ் போய்விட்டது. அப்படியானால் தனி வருவாய் போன பின் அந்த நலத்திட்டம் எதை நம்பி நடக்கிறது, பயனாளிகளுக்கு என்ன மாறியது? இது ஒரு முழுமையான கொள்கைக் கேள்வி. டெல்லியில் எடுத்த வரி முடிவையும் கடையத்துத் திண்ணையையும் ஒரே கோட்டில் இணைக்கிறது.

வேறு வேண்டுமா? 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு எச்சரிக்கை எப்போது, யார் வழியாக வந்தது என்று கேட்கலாம். கன்னடியன் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் நாளைக் கேட்கலாம். உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்தது எதுவோ அதை எடுங்கள்.

செய்முறை இப்படி. முதல் பக்கத்தில் பிரச்சினையும் அதன் அளவும். இரண்டாம் பக்கத்தில் இப்போதுள்ள அரசாணையோ சட்டமோ என்ன சொல்கிறது என்பது. மூன்றாவதில் களத்தில் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டது. நான்காவதில் இரண்டு மாற்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு, யார் எதிர்ப்பார்கள் என்பது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பவரே இல்லாத தீர்வு என்றால் அதை ஏற்கெனவே செய்து முடித்திருப்பார்களே.

தரவில் ஒரு கண்ணி உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் 'திருநெல்வேலி' என்ற மாவட்ட அறிக்கை இருக்கும். அந்த ஆய்வு 2017 மார்ச் நிலவர மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். ஆகவே அந்த எண்கள் தென்காசியையும் சேர்த்த பழைய மாவட்டத்தின் எண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். இதைத் தெரியாமல் இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் தப்பு. தெரிந்து ஒரு அடிக்குறிப்புப் போட்டால், தரவைக் கவனமாகப் படிக்கிறவர் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

5. பணத்தை முடிவு செய்த பிறகு பல்கலையைத் தேர்ந்தெடுங்கள்

பொறியியல் முதுகலைக்குக் கடன் வாங்குகிறவரின் கணக்கு இங்கே செல்லாது. வளர்ச்சித் துறையின் தொடக்கச் சம்பளத்தில் நாற்பது லட்சக் கடனுக்குத் தவணை கட்ட முடியாது. கட்டுவதற்காகவே வேறு வேலைக்குப் போனால் இந்தப் படிப்பு எதற்கு? எனவே முதலில் எந்த உதவித்தொகைக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று பாருங்கள். அது எந்த நாட்டில், எந்தப் படிப்பில் செல்லுமோ அங்கே விண்ணப்பியுங்கள்.

செவனிங்கில் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருஷம் இருந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிப்பீர்கள். அவற்றில் பலவற்றுக்கு வேலை அனுபவம் கட்டாயமில்லை என்பதால் புதுப் பட்டதாரிக்கு ஏற்றது. அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவிக்கு மூன்று வருஷ அனுபவம் வேண்டும்.

பட்டியல் சமூகத்தினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், தகுதிப் பட்டத்தில் 60 சதவீதம். ஆனால் 2022-23 விதிகளில் ஒரு மாற்றம் வந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவி இல்லை என்றார்கள். 'முக்கூடல் பீடிப் பெண்களைப் பற்றி ஆராய்வேன்' என்று இந்த விண்ணப்பத்தில் எழுதினால் அதுவே இடைஞ்சலாகலாம். பல்கலைக்கு எழுதுவதும் உதவித்தொகைக்கு எழுதுவதும் வேறு வேறு கடிதங்கள். தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவித் திட்டம் நடத்துகிறது, அதையும் பாருங்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்பே வாங்கி வையுங்கள். கடைசித் தேதி நெருங்கும்போது வருவாய் ஆய்வாளர் வேறு பணிக்குப் போயிருப்பார், அது எழுதப்படாத விதி.

6. பெயரும் காகிதமும்

நம் ஊரில் மதிப்பெண் பட்டியலில் 'எஸ். முத்துலட்சுமி' என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வந்திருக்கும். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுச் சான்றில் இன்னொரு மாதிரி. வெளிநாட்டுப் பல்கலைக்கு இது மூன்று பேர். அதனால்தான் பாஸ்போர்ட்டை முதலில் எடுக்கச் சொன்னேன். திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. அதில் உள்ள பெயரையே மற்ற எல்லா விண்ணப்பத்திலும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பழைய சான்றுகள் பொருந்தாவிட்டால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழி செய்து வையுங்கள்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களையும் ஒன்றாகத் தரும் சான்று. தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவருக்குத் தேர்வு நடத்தியது கல்லூரி. பட்டம் கொடுத்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலை. டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்க வேண்டும். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் பல்கலை இருக்கும் அபிஷேகப்பட்டிக்குப் போக வேண்டும். இது தெரியாமல் இரண்டு இடத்துக்கும் மாறி மாறி அலைகிறவர்கள் உண்டு. ஒரே தடவையில் நாலைந்து மூடி முத்திரையிட்ட உறைகள் வாங்கிவிடுங்கள். பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற சான்றையும் அப்போதே கேளுங்கள்.

மூன்று வருஷப் பட்டத்தைப் பிரிட்டனில் பொதுவாக ஏற்கிறார்கள். அமெரிக்காவில் சில பல்கலைகள் நாலு வருஷம் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

7. தேர்வுகள்

ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருஷம் செல்லும், வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யின் மதிப்பெண் ஐந்து வருஷம். ஆகவே ஜி.ஆர்.இ.யை முன்பும் ஆங்கிலத் தேர்வைப் பின்பும் எழுதலாம். கொள்கைப் பள்ளிகள் பல ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் 7 அல்லது 7.5 கேட்கின்றன. தமிழ்வழியில் படித்தவருக்கு எழுத்துப் பகுதிதான் மதிப்பெண்ணை இழுக்கும்; தினம் ஒரு கட்டுரை எழுதித் திருத்தச் சொல்ல ஒருவரைப் பிடியுங்கள். ஜி.ஆர்.இ. கேட்காத பள்ளிகளும் இருக்கின்றன. கல்லூரியில் கணிதம் படிக்காதவர் அப்போதும் எழுதுவது நல்லது. எண்ணறிவுக்கு அது ஒரு சாட்சி.

8. பரிந்துரைக் கடிதம்

"நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்." நம் கல்லூரிகளில் பேராசிரியர்கள் அன்பாகச் சொல்லும் வார்த்தை இது. ஏற்காதீர்கள். இரண்டு பரிந்துரையும் உங்கள் கட்டுரையும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள்: "ஐயா, உங்கள் வகுப்பில் நான் செய்த ஆய்வு இது, என் மதிப்பெண் இது, நான் போகும் படிப்பு இது, கடைசித் தேதி இது." எழுதுவது அவர் பொறுப்பு. ஒரு மாத அவகாசம் வேண்டும்.

ஒருவர் பேராசிரியர், ஒருவர் வேலையில் மேலாளர் என்பது நல்ல சேர்க்கை. கலெக்டரின் கடிதம் பெரிது என்று நினைத்து, ஒரே ஒருமுறை பார்த்த அதிகாரியிடம் போகாதீர்கள். உங்களைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. கடிதம் நிறுவன மின்னஞ்சலில் இருந்து வரவேண்டும். துறைத் தலைவருக்கு ஜிமெயில் மட்டும்தான் என்றால் கல்லூரி முகவரி ஒன்று வாங்கித்தர அலுவலகத்தை முன்பே கேளுங்கள்.

9. நோக்கக் கட்டுரை

குறளில் தொடங்காதீர்கள். கலாமின் கனவு மேற்கோளிலும் தொடங்காதீர்கள். "சிறு வயது முதலே சமூகத்துக்குச் சேவை செய்ய" என்ற வரி எல்லார் கட்டுரையிலும் இருக்கிறது. 4-வது படியில் எழுதிய பிரச்சினையில் நேராக நுழையுங்கள். அதில் வேலை செய்தபோது எந்த இடத்தில் உங்கள் அறிவு போதாமல் போனது என்று சொல்லுங்கள். அந்தக் குறையை இந்தப் படிப்பின் எந்தப் பாடம் தீர்க்கும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கடைசியில், முடித்ததும் முதல் மூன்று வருஷம் எங்கே, என்ன பதவியில் இருக்க நினைக்கிறீர்கள் என்பது. முதல் படியில் சேகரித்த அறிவிப்புகள் இதற்குத்தான்.

நம்மவர்களுக்கு 'நாங்கள் செய்தோம்' என்று எழுதும் பழக்கம். அடக்கம் நல்லதுதான், ஆனால் குழுவில் நீங்கள் செய்தது எது என்று தேர்வுக் குழுவுக்குத் தெரிய வேண்டும். "கணக்கெடுப்புப் படிவத்தை நான் வடிவமைத்தேன்" என்று எழுதுவது தற்பெருமை ஆகாது.

10. மாத வரிசை

ஏப்ரல், மே: அறிவிப்புகள், நாலு பக்கக் கட்டுரை. ஜூன், ஜூலை: டிரான்ஸ்கிரிப்ட், தேர்வுகள். ஆகஸ்டில் செவனிங் திறக்கும், இலையுதிர் காலத்தில் மூடும். டாட் படிப்புகள் பலவற்றுக்கும் ஏறக்குறைய அதே சமயம். டிசம்பர், ஜனவரியில் அமெரிக்கப் பல்கலைகளும் இராஸ்மஸ் படிப்புகள் பலவும் மூடும். ஜப்பான்-உலக வங்கி உதவிக்குச் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும், அதனால் பல்கலையை முந்திக்கொள்ளுங்கள். இந்தியப் பல்கலைகளின் நுழைவுத் தேர்வுகளைக் கைவிடாதீர்கள். அக்டோபரிலிருந்தே அவற்றின் அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பார்க்கிற எல்லாவற்றுக்கும் போட்டால் ஒன்றுமே உருப்படியாக வராது. வெளிநாட்டில் மூன்று நாலு, உள்நாட்டில் இரண்டு போதும்.

11. இடம் கிடைத்த பிறகு

உதவித்தொகை முடிவு வராமல் முன்பணம் கட்டாதீர்கள். கட்டத்தான் வேண்டும் என்றால், தேதியை நீட்டிக்கச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கள். பல பல்கலைகள் கேட்டால் தருகின்றன, கேட்கிறவர்தான் குறைவு. உதவி கிடைக்காவிட்டால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த வருஷத்தில் இன்னும் கொஞ்சம் அனுபவம் சேரும்.

பிரிட்டன் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் விசாவுக்கு முன் அவர்கள் அங்கீகரித்த மையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சான்று ஆறு மாதம் செல்லும். விசா வேலைகளுக்கும் இதற்குமாகச் சென்னைப் பயணங்களை ஒரே வாரத்தில் கோர்த்துக்கொள்ளுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைப்பது விசா கிடைப்பதைவிடக் கஷ்டம்.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மாதத்துக்குள் கோடைக்காலப் பயிற்சி வேலைக்கு விண்ணப்பங்கள் தொடங்கிவிடும். சி.வி.யை ஊரிலேயே இரண்டு பக்கத்துக்குள் எழுதி முடித்து எடுத்துப் போங்கள். வேலை செய்த நிறுவனத்தின் பழைய மேலாளருக்கு மாதம் ஒரு முறையாவது பேசுங்கள். முதுகலை ஆய்வுக்குக் களம் வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.